வட்டுக்கோட்டைச் செமினரி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய உயர்கல்விக்கூடம். முதல் அதிபர் டானியல் புவர். மிஷன் பள்ளிகளில் தமிழில் எழுத்துக் கற்றுவந்த பிள்ளைகள் கணிதத்தையும் வானியலையும் இங்கே ஆங்கில நூல்களிலேயே வாசித்து விளங்கவேண்டியிருந்தது. தமிழும் பாடமாக இருந்தது. 1841இல் வெளிவந்த இருமொழி இதழ் 'உதயதாரகை'யின் முதலாசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் இங்கு படித்த தமிழர். பெயர்கள் மட்டுமே, அமெரிக்க நன்கொடையாளர் பெயரை மாணவருக்கு இடும் வழக்கப்படி வந்தவை. ஆங்கிலம் தேறியவர்கள் ஊழியத்தை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனது மிஷனுக்கு மனக்குறை. அமெரிக்காவிலிருந்து மிஷன் சங்கச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் குழு வந்து பார்த்துப்போன பின், 1855இல் செமினரி மூடப்பட்டது. அவசர முடிவென்றே சொல்லவேண்டும்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இதன் மாணவர்கள். 1872இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது.