பந்தடுக்கும் சட்டமும் ஆட்ட நீதியும்
பூல் விளையாட்டின் வரலாற்றில் ஒரு சிறு கருவி

அரசர்தம் போர்களையும் குடிகள்தம் கிளர்ச்சிகளையும் ஆராயும் வரலாற்று மாணவன், விளையாட்டுக் கருவியொன்றைக் கையிலெடுத்து நோக்குவது அரிது. பில்லியர்ட்ஸ் மேசையின் ஓரத்திற் கிடக்கும் முக்கோணச் சட்டத்திற்கும் ஒரு வரலாறு உண்டெனின் நகைப்போரும் இருப்பர். ஆயினும், மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட விதிகளுக்கும் அவர்கள் கையாளும் கருவிகளுக்குமிடையே உள்ள உறவினை அறிய விரும்புவோர்க்கு, இச்சட்டத்தைப் போன்று தெளிவான சான்று எளிதிற் கிடைப்பதன்று. போட்டிப் பூல் ஆட்டத்தில், பந்துகளை அடுக்கும் சட்டத்தின் தரம் எவ்வாறு ஒரு சிக்கலாயிற்று, அச்சிக்கலைத் தீர்க்க முனைந்தோர் எவ்வாறு வேறொரு சிக்கலுக்கு ஆளாயினர் என்பவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டம் தோன்றிய சூழல்

பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்கள் யாவற்றிற்கும் அடுக்குச் சட்டம் வேண்டப்படுவதில்லை. ஆங்கில பில்லியர்ட்ஸ் மூன்று பந்துகளை மட்டுமே கொண்டது. அவற்றை அடுக்கவேண்டிய தேவையில்லை. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்று இலங்கைக்குப் புகழ் ஈட்டிய எம். ஜே. எம். லாபீர் ஆடியது இவ்வாட்டமே. பந்துகளின் தொகை பெருகியபோதே அவற்றை ஓர் ஒழுங்கில் நிறுத்தும் சட்டம் இன்றியமையாததாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் ஆடப்பெற்ற 'பிரமிட்ஸ்' என்னும் ஆட்டத்திற் பதினைந்து செந்நிறப் பந்துகள் முக்கோண வடிவில் அடுக்கப்பட்டன. 1875ஆம் ஆண்டளவில் ஜபல்பூரிலிருந்த பிரித்தானிய இராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின், இதனொடு வேறு வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஸ்நூக்கரை உருவாக்கினார் என்பதும், அவ்வாட்டத்தின் விதிகள் 1880களின் தொடக்கத்தில் உதகமண்டலத்துக் கழகத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டன என்பதும் பலரும் அறிந்தனவே. ஐக்கிய அமெரிக்காவிலோ, 1 முதல் 15 வரை எண்ணிடப்பட்ட பந்துகளைக் கொண்ட பூல் ஆட்டங்கள் வளர்ந்தன.

ஒரே முக்கோணம் இரு மரபுகளில் இருவேறு பொருளைப் பெற்றமை இங்கு நோக்கற்பாலது. ஸ்நூக்கரில் ஆட்டத்தைத் தொடங்குபவன் அடுக்கின் ஓரத்தை மெல்லத் தீண்டி, வெள்ளைப் பந்தைப் பாதுகாப்பான இடத்திற்கு மீட்டுக்கொள்வான். அடுக்கு சிறிது தளர்ந்திருப்பினும் அவனுக்குப் பெருங்கேடில்லை. பூல் ஆட்டங்களிலும் எல்லாம் ஒரு தன்மையனவல்ல. 1910ஆம் ஆண்டளவில் ஜெரோம் கியோ வகுத்த 14.1 என்னும் தொடராட்டத்தில், தொடக்க அடி பெரும்பாலும் தற்காப்பாகவே அமையும். வில்லி மொஸ்கோனி 1954இல் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் இடையறாது 526 பந்துகளை வீழ்த்தியது இவ்வாட்டத்திலேயே.

ஒன்பது பந்து ஆட்டத்தின் நிலை முற்றிலும் வேறானது. இங்குத் தொடக்க அடி வலிய தாக்குதலாகும். அவ்வடியால் ஒரு பந்தேனும் குழியில் வீழின் அடித்தவனே தொடர்ந்து ஆடலாம். வீழாவிடின் மேசை எதிரியின் கைக்குச் செல்லும். இவ்வாட்டம் விரைவானது, எனவே தொலைக்காட்சிக்கு ஏற்றது. 1961ஆம் ஆண்டுத் திரைப்படமான 'த ஹஸ்லர்' தொடராட்டத்தைக் காட்டிற்று. அதன் தொடர்ச்சியாக 1986இல் வந்த 'த கலர் ஒவ் மணி' ஒன்பது பந்து ஆட்டத்தைக் காட்டிற்று. இவ்விரு படங்களுக்குமிடைப்பட்ட கால் நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றத்தினை இதனாலேயே உய்த்துணரலாம். 1976இல் அமெரிக்க ஒப்பன் ஒன்பது பந்துப் போட்டியும், 1990இல் உலக ஒன்பது பந்துப் போட்டியும் தொடங்கப்பெற்றன. ஆட்டம் மாறியதும், அதுவரை எவரும் பொருட்படுத்தாத சட்டம் வழக்கின் நடுவே வந்து நின்றது.

2. பந்து செம்மையுற்ற வரலாறு

அடுக்கின் செம்மை, முதற்கண் பந்தின் செம்மையைப் பொறுத்தது. தந்தத்தாற் பந்து கடைந்த காலத்தில் இது பற்றி எண்ணுதற்கே இடமிருக்கவில்லை. தந்தம் ஈரப்பதனுக்கேற்ப வடிவம் மாறும் இயல்பினது; காலையில் உருண்டையாயிருந்த பந்து சில நாட்களில் உருண்டையாயிராது. தந்தத்தின் விலையும் ஏறிக்கொண்டே சென்றது. 1863இல் அமெரிக்க பில்லியர்ட்ஸ் நிறுவனமொன்று தந்தத்திற்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவர்க்கு 10,000 டொலர் பரிசு அறிவித்ததும், அதனால் ஊக்கம்பெற்ற ஜோன் வெஸ்லி ஹயற் செலுலோயிட்டை உருவாக்கியதும் வேதியியல் வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். 1909இல் லியோ பேக்லண்ட் உலகிற்கு அறிவித்த பேக்கலைற்று, பீனோலிக் பிசின்களுக்கு வழிவகுத்தது. இன்றைய போட்டிப் பந்துகள் அவ்வகைப் பிசினால் வார்க்கப்படுவனவே.

இக்காலப் போட்டி விதிகளின்படி பூல் பந்தின் விட்டம் 2¼ அங்குலம், அதாவது 57.15 மில்லிமீற்றர், அதற்குமேல் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கே மிகலாம். நிறை 5½ முதல் 6 அவுன்ஸ் வரை இருக்கலாம். கண்ணுக்குப் புலனாகாத இச்சிறு மிகுதியே பின்வரும் வழக்குகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

3. இடைவெளியின் இயல்பு

பதினைந்து பந்துகளை முக்கோணமாக அடுக்கினால் அவற்றிடையே 30 தொடுகைகள் அமையும். ஒன்பது பந்துகளைச் சாய்சதுரமாக அடுக்கினால் 16 தொடுகைகள் அமையும். எல்லாப் பந்துகளும் ஓரளவினவாயின் அனைத்துத் தொடுகைகளும் ஒருங்கே நிறைவேறும். ஒரு பந்து மட்டும் மயிரிழையளவு பெரிதாயின், அதன் அயலிலுள்ள சில பந்துகள் ஒன்றையொன்று தொடவியலாது நிற்கும். எனவே சட்டம் எத்துணைச் செம்மையுடையதாயினும் பந்தின் குறையை முற்றாக நீக்கிவிடாது.

பந்துகள் செம்மையாக இருப்பினும் வேறு இரு காரணங்களால் இடைவெளி தோன்றும். ஒன்று மேசைத் துணி. ஒவ்வொரு தொடக்க அடியிலும் முதற்பந்து துணியில் அழுந்துவதால் அவ்விடத்தில் நுண்ணிய பள்ளம் உண்டாகின்றது. சட்டத்தை எடுத்ததும் பந்துகள் அப்பள்ளங்களை நாடி நகரும். மற்றையது சட்டமே. மெல்லிய பிளாஸ்ரிக் சட்டம் விரல்களின் அழுத்தத்தில் வளையும். மரச் சட்டத்தின் மூலைகள் காலப்போக்கிற் பிரியும். தடித்த மரத்தாலும், பின்னர் அலுமினியத்தாலும் உறுதியான சட்டங்கள் செய்யப்பட்டமை இவ்வளைவைத் தவிர்ப்பதற்கேயாம். ஆயினும் சட்டத்தை மேலெடுக்கும் கையின் சிறு நடுக்கத்தை எவ்வுலோகமும் தடுக்கவில்லை.

இடைவெளியால் நேர்வது யாது? பந்துகள் நெருங்கித் தொட்டு நிற்பின், அடியின் விசை தொடுகைக் கோடுகளின் வழியே ஒழுங்காகச் செல்லும். ஆதலின் ஒவ்வொரு பந்தும் செல்லுந்திசையை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். ஓரிடத்தில் இடைவெளி இருப்பின் மோதல்களின் வரிசை மாறும். வரிசை மாறவே திசையும் மாறும். ஒன்பது பந்து அடுக்கின் நடுவரிசையில் இரு புறமும் நிற்கும் பந்துகளை ஆட்டக்காரர் 'சிறகுப் பந்து' என்பர். இறுக்கமான அடுக்கில் இப்பந்து மூலைக் குழியை நோக்கியே செல்லும். தளர்ந்த அடுக்கில் அது விளிம்பிற் பட்டுத் திரும்பும். ஆட்டத்தை வெல்வதும் இழப்பதும் இதிலே தங்கியிருத்தலுமுண்டு.

4. அடுக்குவோர் யார்?

இந்நிலையில், அடுக்குபவன் யார் என்பது நீதி பற்றிய வினாவாகின்றது. ஆட்டமொன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் அறவிட்ட பழைய அமெரிக்கக் கூடங்களிற் பணியாள் ஒருவர் வந்து பந்துகளை அடுக்குவது வழக்கம். அவருக்கு வெற்றி தோல்வியிற் பங்கில்லை. போட்டிகள் பெருகி, ஒரே வேளையிற் பல மேசைகளில் ஆட்டம் நடைபெறத் தொடங்கியதும், மேசைக்கொரு நடுவரை அமர்த்துதல் செலவாயிற்று. எனவே ஆட்டக்காரரே அடுக்கும் வழக்கம் பரவிற்று.

எதிரி அடுக்குவானாயின், வேண்டுமென்றே ஓர் இடைவெளியை விட்டுவிடலாம். அடிப்பவன் குனிந்து அடுக்கை ஆராய்வான், குறை கண்டு மீள அடுக்கச் சொல்வான், மற்றவன் மறுப்பான், நேரம் கழியும். அடிப்பவனே அடுக்குவானாயின், எந்த இடைவெளி எந்தப் பந்தை எக்குழிக்குச் செலுத்தும் என்பதை அறிந்து தனக்கு உகந்தவாறு அமைத்துக்கொள்ளலாம். இக்கலையில் வல்லவரை அமெரிக்க ஆட்டக்காரர் 'றாக் மெக்கானிக்' என எள்ளலாகக் குறிப்பிடுவர். ஏமாற்றுக்கும் திறமைக்குமிடையே கோடு கிழித்தல் இங்கு எளிதன்று. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி தற்செயலா, சூழ்ச்சியா என எந்த நடுவர் தீர்ப்பது?

இவ்வழக்கிற் பொருளும் பொதிந்திருந்தது. 1996இல் டலஸ் நகரில் நடைபெற்ற போட்டியில், பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து தொடக்க அடி முதல் இறுதி வரை ஒரே முறையில் ஆடி முடிப்பவர்க்குப் பத்து இலட்சம் டொலர் என அறிவிக்கப்பட்டது. ஏர்ல் ஸ்றிக்லண்ட் பதினொன்றை முடித்தார். அத்தகைய தொடரில் ஒவ்வொரு தொடக்க அடியும் ஒரு பந்தையேனும் வீழ்த்தியாகவேண்டும் என்பதை எண்ணின், அடுக்கின் மதிப்பு விளங்கும்.

5. செம்மையின் விளைவு

மனிதக் கையின் மீதான ஐயமே புதிய கருவிகளைத் தோற்றுவித்தது. தொண்ணூறுகளின் இறுதியிலும் அதனை அடுத்தும் போட்டிகளிற் பயன்பட்ட 'சார்டோ' என்னும் பொறிமுறைச் சட்டம், பந்துகளை மேலிருந்து அழுத்தி ஒன்றாக நெருக்கிற்று. ஐரோப்பியப் போட்டிகளில், பந்துகள் நிற்கவேண்டிய இடங்களில் துணியை முன்னரே தட்டி நுண்பள்ளங்கள் அமைக்கும் முறை கையாளப்பட்டது. பின்னர், ஏறத்தாழ 2010 அளவில், தாளைப்போல் மெல்லிய துளையிட்ட பிளாஸ்ரிக் தகடு வந்தது. அதன் துளைகளின் விளிம்பிற் பந்துகள் தாமே நெருங்கி அமரும். கைத்திறன் வேண்டா, வாதமும் வேண்டா.

வழக்கு இத்துடன் முடிந்திருக்கவேண்டும். ஆனால் நிகழ்ந்தது வேறு. அடுக்கு எப்போதும் இறுக்கமாக இருக்கவே, சிறகுப் பந்து ஏறத்தாழ எப்போதும் மூலைக் குழியில் வீழ்ந்தது. வலிய அடியே தேவையற்றதாயிற்று. 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஒப்பன் இறுதியாட்டத்தில் மிக்கா இம்மோனனை 11–0 என வென்ற கோரி டியூவல், மெதுவான தொடக்க அடியாற் பந்துகளைத் தாம் விரும்பியவாறு பரப்பிய முறை பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அவர் எவ்விதியையும் மீறவில்லை. செம்மையான அடுக்கு தந்த வாய்ப்பைப் பிறர்க்கு முன் கண்டுகொண்டார், அவ்வளவே.

எனவே அமைப்பாளர்கள் விதிகளை மாற்றத் தலைப்பட்டனர். தொடக்க அடியின்பின் குறைந்தது மூன்று பந்துகள் குழியில் வீழவோ தலைப்பக்கக் கோட்டைத் தாண்டவோ வேண்டும் என்றனர் சிலர். வெள்ளைப் பந்தை வைத்தடிக்கும் இடத்தை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கினர் வேறு சிலர். ஒன்றாம் பந்துக்குப் பதிலாக ஒன்பதாம் பந்தைப் புள்ளியில் நிறுத்தும் முறையும் வந்தது. இதனால் அடுக்கு முழுவதும் இரு வரிசைகள், அதாவது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், அடிப்பவனை நோக்கி நகர்ந்தது. சிறகுப் பந்தின் வழி குழியிலிருந்து விலகிற்று. உடனே ஆட்டக்காரர் ஒன்றாம் பந்தைப் பக்கக் குழிக்குச் செலுத்தும் வழியை ஆராய்ந்தனர். முதலடியாற் பந்து வீழ்த்துவது கடினம் எனக் கருதப்பட்ட பத்துப் பந்து ஆட்டமும் மதிப்புப் பெற்றது. அதன் முதல் உலகப் போட்டி 2008இல் மணிலாவில் நடைபெற்றது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு யாது? பழைய மரச் சட்டத்தின் குறைபாடு வெறும் குறைபாடன்று. அது எவரும் எழுதிவைக்காத ஒரு விதியாக இயங்கிற்று. தொடக்க அடியில் நிச்சயமின்மையை நிலைநாட்டியதும், வலிய அடிக்கு மதிப்பளித்ததும் அதுவே. அக்குறையை நீக்கியவர்கள் ஏமாற்றை நீக்கினர். அதனுடன் ஆட்டத்தின் சமநிலையையும் தம்மை அறியாமலே நீக்கினர். அதன்பின் கருவி செய்துவந்த பணியை விதிகள் ஏற்கவேண்டியதாயிற்று.

இதனால் மீண்டும் தளர்ந்த சட்டத்திற்குத் திரும்புதல் வேண்டும் என்பது எமது கருத்தன்று. மறைவான இடைவெளியில் ஒருவன் வெல்வதிலும் வெளிப்படையான விதியில் ஒருவன் தோற்பது மேலானது. ஏனெனில் விதியைக் குறித்து வாதிடலாம், திருத்தலாம். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோடு வாதிடுதல் இயலாது. எனினும் கருவியைச் செம்மைப்படுத்தினால் நீதி தானே வந்து சேரும் என்னும் நம்பிக்கை தவறானது. கருவி ஒவ்வொரு முறை மாறும்போதும், அதுவரை அது தாங்கிவந்த சுமை யாது என வினவுதல் மனிதரின் கடனாகும். மேசையோரத்து முக்கோணச் சட்டம் வரலாற்று மாணவனுக்குக் கற்பிப்பது இதுவே.