பழைய டயர்: சுங்க வகைப்பாடும் வர்த்தகமும்

சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்து லோரோங்குகளில் (சந்துகளில்) உள்ள வாகனப் பட்டறைகளில் கழற்றி அடுக்கப்படும் டயர், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்து அந்நாட்டுச் சாலைக்கு உதவாததாயினும், சுங்கத்தார் கணக்கில் ஒரு சரக்கே. உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் புதிய ரப்பர் டயருக்கு 4011 என்றும், ரீட்ரெட் (மேல்தளம் புதுப்பித்தல்) செய்ததற்கும் உபயோகித்ததற்கும் 4012 என்றும், ரீட்ரெடிங்குக்கும் உதவாத ரப்பர்க் கழிவுக்கு 4004 என்றும் தலைப்புகள் விதிக்கப்பட்டுள்ளன. ஒரு பழைய டயரை இவற்றுள் எதில் சேர்ப்பது என்ற நிர்ணயமே இவ்வாணிபத்தின் பிராணன். சிங்கப்பூரில் டயருக்குச் சுங்கத்தீர்வை இல்லை. இறக்குமதிக்குப் பொருள் சேவை வரி உண்டு. சுங்க வகைப்பாட்டுக்கு அப்பால், இறக்குமதித் தடையும் வழக்காகியுள்ளது. குப்பையாகும் டயரின் உட்குழியில் தேங்கும் மழைநீர் டெங்கிக் கொசுவை வளர்க்கும் என்று கூறி ரீட்ரெட் டயர்களின் இறக்குமதியைத் தடுத்த பிரேசில்மீது ஐரோப்பிய சமூகம் தொடுத்த வழக்கில், உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு மன்றம், ஆரோக்கிய ரட்சணத்தை நியாயமான காரணமாக ஏற்றபோதிலும், அத்தடையிலிருந்து பிரேசில் அளித்த விலக்குகள் பாரபட்சமானவை என்று 2007 டிசம்பரில் தீர்ப்பளித்தது.