வெட்டுமரச் சாலைகளும் நுழைவுக் கட்டுப்பாடும்: பீடோர் மலைக்காடு

காட்டில் வீழ்த்திய மரங்களை வெளியே கொண்டுவருவதற்காக, வெட்டு உரிமம் பெற்றவர் மலைச்சரிவை அறுத்து அமைக்கும் மண்பாதை வெட்டுமரச் சாலை எனப்படும். மலாய் மொழியில் இதற்கு ‘ஜாலான் பாலாக்’ என்று பெயர். வெட்டிய மரத்துண்டைக் குறிக்கும் ‘பாலாக்’ என்னும் சொல் மலேசியத் தமிழர் பேச்சிலும் புழங்குகிறது. மரம் எடுத்து முடிந்ததும் இச்சாலை அமைக்கப்பட்டதன் நோக்கம் முடிந்துவிடுகிறது. ஆனால் சாலை அங்கேயே கிடக்கிறது. அதன் வழியே யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதே நுழைவுக் கட்டுப்பாடு பற்றிய கேள்வியாகும்.

பேராக் மாநிலத்தின் தெற்கே, பத்தாங் பாடாங் மாவட்டத்தில் அமைந்துள்ள பீடோர் இக்கேள்வியை நெருங்கிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். ஊருக்கு மேற்கே, முன்னர் தமிழர் பால்மரம் சீவிய தோட்டங்களில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. கிழக்கே நிலம் மெல்ல உயர்ந்து தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் சேர்கிறது. கம்போங் சாங், போஸ் கெடோங் முதலிய செமாய் மக்களின் ஊர்கள் இந்த அடிவாரத்திலும் அதற்கு அப்பாலும் உள்ளன. தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடிகளான ஓராங் அஸ்லி மக்களுள் செமாய் இனத்தாரே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். சாலையோரக் கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பெத்தாய்க் காய்களைக் காட்டிலிருந்து பறித்து வருபவர்களும் பெரும்பாலும் இவர்களே.

கைவிடப்பட்ட வெட்டுமரச் சாலையின் தோற்றம் எளிதில் அடையாளம் காணக்கூடியது. செம்மண்ணில் லாரிச் சக்கரங்கள் பதித்த இரண்டு பள்ளங்கள் மழைநீரால் ஓடைகளாக ஆழ்ந்திருக்கும். இருபுறமும் ரெசாம் என்னும் பெரணியும் லாலாங் புல்லும் அடர்ந்து, அவற்றிடையே மஹாங் என்னும் அகன்ற இலை மரம் வரிசையாக முளைத்திருக்கும். ஓடைகளின் குறுக்கே பாலம் என்ற பெயரில் நாலைந்து மரத்துண்டுகளைக் கிடத்தி மேலே மண் கொட்டியிருப்பார்கள். சில ஆண்டுகளில் கீழிருக்கும் மரம் உளுத்துப்போக, மேல்மண் மட்டும் உறுதியாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிளைத் தாங்கும் அப்பாலம் நான்கு சக்கர வாகனத்தைத் தாங்காமல் போகலாம். சாலையின் தொடக்கத்தில் இரும்புக் குழாயால் ஆன தடுப்புக் கம்பமும் பூட்டும், ‘ஹுத்தான் சிம்பான் கெக்கால்’, அதாவது நிரந்தரக் காப்புக்காடு, என்று எழுதிய பலகையும் இருப்பது வழக்கம்.

இப்பலகையின் பின்னுள்ள அதிகாரம் 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்திலிருந்து வருகிறது. மலேசியக் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின்படி நிலமும் காடும் மாநிலத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே நாடாளுமன்றம் இயற்றிய இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும், ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிப்பதும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. காப்புக்காடுகள் மர உற்பத்திக்காடு, மண்பாதுகாப்புக்காடு, நீர்ப்பிடிப்புக்காடு, கன்னிக்காடு எனப் பயனுக்கேற்ப வகுக்கப்படுகின்றன. உரிய அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது 47-ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும். அதற்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மலையேறுவோர் மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெறுவதும், வனத்துறை அங்கீகரித்த மலை வழிகாட்டியை உடன் அழைத்துச் செல்வதும் இன்றைய நடைமுறை. சாலை பழையது, மரம் வெட்டுவது எப்போதோ நின்றுவிட்டது என்ற காரணத்தால் இக்கட்டுப்பாடு தளர்வதில்லை; காடு காப்புக்காடாக இருக்கும்வரை சாலையும் அதன் பகுதியே.

கட்டுப்பாட்டுக்குக் கூறப்படும் காரணங்களுள் மிகவும் வலுவானது வேட்டை. நடந்து மூன்று நாள் ஆகும் உட்காட்டை வெட்டுமரச் சாலை ஒரு காலைப்பொழுதின் வண்டிப் பயணமாகச் சுருக்கிவிடுகிறது. கம்பிக் கண்ணிகளைச் சுமந்து செல்பவனுக்கும் கொன்ற விலங்கை வெளியே கடத்துபவனுக்கும் அச்சாலையே துணை. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று மதிப்பிட்டது. பேராக்கின் வடக்கே பெலும், தெமங்கோர் காடுகளில் கண்ணிகளை அகற்றி வருவோர் பழைய வெட்டுமரச் சாலைகளைக் கண்காணிப்பதற்கு முதலிடம் தருவதும் இதனால்தான்.

உயிர்ப் பாதுகாப்பு அடுத்த காரணம். 2022 டிசம்பர் 16-ஆம் நாள் சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே முகாம் ஒன்றின்மீது மலைச்சரிவு சரிந்து 31 பேர் இறந்தபின், மலைப்பகுதி முகாம்களும் நடைபாதைகளும் கடுமையாகக் கண்காணிக்கப்படலாயின. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான திருப்பம் நேர்ந்தது: 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர், அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை மாநில அரசு வகுத்தது. இரு நாடுகளிலும் கட்டுப்பாடு இறுகுவதற்குமுன் உயிர்ப்பலி நேர்ந்தது என்பது வேதனைக்குரிய ஒற்றுமை.

தடுப்புக் கம்பம் மனிதரையும் வண்டியையும் நிறுத்துமே தவிர நீரை நிறுத்தாது. இறுகிப்போன சாலை மண்ணில் மழைநீர் இறங்காமல் வழிந்தோடுகிறது. கவனிப்பாரற்ற வடிகால் அடைபட்டால் அந்நீர் சாலையையே வாய்க்காலாக்கிச் சரிவை அரித்து, ஆற்றைச் செம்மண் நிறமாக்குகிறது. ஈயச் சுரங்கக் காலத்து மணல் படிவை ஏற்கெனவே சுமந்த பத்தாங் பாடாங் மாவட்டத்து ஆறுகளுக்கு இது சிறிய சுமையன்று. சாலையை முறையாக மூடுவது என்றால் குறுக்கு வடிகால் வெட்டி, ஓடைமேல் கிடத்திய மரத்துண்டுகளை எடுத்து, மண்ணைக் கிளறிவிட்டு மரம் நடுவது என்று பொருள். கம்பமும் பூட்டும் போட்டதோடு பணி முடிந்ததாகக் கருதுவது அரைவேலையே.

மேலும் கடினமான கேள்வி, கம்பத்துக்கு உட்புறம் வாழ்பவர்களைப் பற்றியது. வெளியாருக்குப் பொழுதுபோக்குப் பாதையாக இருப்பது செமாய் குடும்பத்துக்குப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்லும் வழி. ஓராங் அஸ்லி மக்களுக்கு அவர்களின் மரபு நிலத்தின்மீது உரிமை உண்டு என்பதை உயர்நீதிமன்றம் 2002-இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இலும் சகோங் தாசி வழக்கில் ஏற்றுக்கொண்டன. ஆயினும் மரபு நிலத்தின் பெரும்பகுதி காப்புக்காடு என்ற பெயரிலேயே பதிவாகியிருப்பதால் இரு உரிமைகளும் சாலையில் எதிரெதிரே நிற்கின்றன. 2019-இல் வடபேராக்கின் கிரிக் அருகே, ஓராங் அஸ்லி மக்களுள் மற்றோர் இனத்தாரான தெமியார் மக்கள் தாங்களே தடுப்பு எழுப்பி வெட்டுமர லாரிகளை மறித்ததும், அத்தடுப்பு அகற்றப்பட்டதும் இம்மோதலின் மறுபக்கத்தைக் காட்டின. அங்கே சாலையை மூட விரும்பியவர்கள் காட்டில் வாழ்பவர்கள். திறந்துவைக்க விரும்பியவர்கள் வெட்டு உரிமம் பெற்றவர்கள்.

காப்புக்காடு என்ற தகுதியும் நிலையானதன்று. சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி மாநில அரசு ஒரு நிலப்பகுதியைக் காப்புக்காட்டிலிருந்து நீக்கலாம். பீடோருக்குத் தெற்கேயுள்ள பீக்காம் காப்புக்காடு அவ்வாறு நீக்கப்பட்டுச் செம்பனைக்கு வழிவிட்டது 2013-இல் பெரும் விவாதமானது. சதுப்பில் வளரும் கெருயிங் பாயா என்னும் அரிய மரத்தின் வாழிடம் அது. காட்டுக்குள் காலடி வைக்கும் தனிமனிதருக்குச் சிறைத்தண்டனை வரை விதிக்கும் சட்டம், காட்டையே இல்லாமலாக்கும் முடிவைப் பொதுமக்களைக் கேளாமலே எடுக்க இடமளித்தது பெருங்குறை. காப்புக்காட்டை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்ற திருத்தத்தை நாடாளுமன்றம் 2022-இல் நிறைவேற்றியது இக்குறையை உணர்ந்தே. மாநிலங்கள் அதை ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் அதற்கு உயிர் உண்டு.

பீடோர் போன்ற அடிவார ஊர்களில் தடுப்புக் கம்பத்தின் சாவி வனத்துறையிடம் மட்டும் இல்லாமல் அங்கு வாழும் ஊராரிடமும் இருப்பதே நியாயமான ஏற்பாடு. இரவில் நோயாளியைக் கீழே இறக்க வேண்டியவர்களும், முன்பின் தெரியாத வண்டி மலையேறும்போது முதலில் காண்பவர்களும் அவர்களே.