இடப்பெயர்வின்போது திறந்த ஓட்டை: ‘வி-கோஸ்ட்’ வழு என்றால் என்ன?

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், சாட்சியங்கள் என எமது ஆவணங்கள் பல இன்று வாடகை வழங்கிகளில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் தனிக் கணினிகள் அல்ல. ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். ஒவ்வோர் அறையும் ஒரு மெய்நிகர் கணினி. பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்பது எமக்குத் தெரியாது. இடையிலுள்ள சுவரை நம்பியே இருக்கிறோம்.

அந்தச் சுவரில் இருந்த ஓட்டை ஒன்றை சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பிளேட் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. 2019 செப்ரெம்பரில் அது பகிரங்கமானது. பதிவிலக்கம் சிவிஇ-2019-14835.

ஓட்டை இருந்த இடம்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் எந்த வாகனமும் ஆனையிறவைக் கடந்தே ஆகவேண்டும். அதுபோல மெய்நிகர் கணினியின் வலையமைப்புத் தரவுகளும் ஒரு குறுகிய வழியால்தான் வந்து போகின்றன. பல லினக்ஸ் வழங்கிகளில் அந்த வழி ‘வீஹோஸ்ட்-நெற்’. அது தாய்க்கணினியை ஆளும் கேர்னலுக்குள்ளேயே இயங்குகிறது.

நடப்பது என்ன?

இயங்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே வேறு வழங்கிக்கு மாற்றலாம். இதுவும் இடப்பெயர்வுதான். அவ்வேளை நினைவகத்தில் மாறிய பகுதிகளை வீஹோஸ்ட்-நெற் ஒரு பதிவேட்டில் குறிக்கும். பதிவேட்டின் அளவு மட்டுப்பட்டது. நீளம் பூச்சியம் எனக் குறித்த தரவுத் துண்டுகளை ஒருவர் அனுப்பினால் துண்டுகளின் கணக்கு ஏறாது. பதிவேட்டின் வரிகளோ ஏறிக்கொண்டே போகும். அது நிரம்பியதும் அடுத்துள்ள நினைவகத்தின்மேல் எழுதப்படும். தாய்க்கணினி முடங்கலாம். தாக்குபவர் அதன் முழு அதிகாரத்தையும் கைப்பற்றவும் கூடும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. தாக்குபவருக்குத் தன் அறைக்குள் நிர்வாகி அதிகாரம் வேண்டும். இடப்பெயர்வும் நடந்துகொண்டிருக்க வேண்டும். முதலாவது, வாடகை கட்டும் எவருக்கும் கிடைப்பது.

2010இல் வெளியான 2.6.34 பதிப்பு முதல் இந்த வழு இருந்தது. திருத்தமோ மிகச் சிறியது: நீளம் பூச்சியமானால் பதிவேட்டின் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

கேர்னலைத் திருத்துவது வழங்கி நிறுவனத்தின் பொறுப்பு. எப்போது இற்றைப்படுத்தினார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். சாட்சியங்களை உங்கள் கணினியிலேயே மறைகுறியாக்கிய பின் ஏற்றுங்கள். திறவுகோலை வழங்கியில் வைக்காதீர்கள். இன்னொரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். 2023இல் இலங்கை அரச கிளவுட் தாக்கப்பட்டது வேறு வழியால். ஆனாலும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லாமையே.