பெருங்களத்தூர் ஃபெராரி

சும்மா ஒரு கற்பனை. உங்களுக்கு எங்கிருந்தோ இரண்டு கோடி ரூபாய் வந்துவிட்டது. கடன்காரன் இல்லை, பங்காளி இல்லை, வருமானவரிக்காரர்களும் கண்டுகொள்ளவில்லை. நேராகப் போய் ஒரு போர்ஷே 911 வாங்கிவிட்டீர்கள். 2019ல் வந்த மாடலில் சாதாரண ரகத்துக்கே 385 குதிரைசக்தி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலு வினாடி சொச்சம் போதும். உச்ச வேகம் 290ஐத் தாண்டும்.

வீடு? அம்பத்தூர்.

வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள். தெருவே எட்டிப் பார்க்கிறது. சி.டி.எச். ரோட்டைப் பிடிப்பதற்குள் முதல் வேகத்தடை. போட்டது யார் என்று கார்ப்பரேஷனுக்கே தெரியாத வேகத்தடை. உங்கள் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை. வண்டியைக் கொஞ்சம் குறுக்காகத் திருப்பி, ஒருக்களித்த மாதிரி ஏற்றி இறக்குகிறீர்கள். 'கர்ர்ர்ர்...' கேட்டதா? அது ரோடு போட்ட சத்தம் இல்லை, உங்கள் பர்ஸ் போட்ட சத்தம்.

சரி, ரோட்டுக்கு வந்தாச்சு. முன்னால் ஷேர் ஆட்டோ. அதற்கு முன்னால் தண்ணி லாரி. தப்பித்தவறி இடைவெளி கிடைத்தாலும், 2023 நவம்பரில் போக்குவரத்து போலீஸ் அறிவித்த வரம்பின்படி சென்னைக்குள் கார்களுக்கு அறுபதுதான். நூறைத் தொட நாலு வினாடி ஆகிற வண்டி அறுபதைத் தொட எவ்வளவு நேரம் எடுக்கும்? இரண்டே வினாடி. இரண்டு கோடிக்கு இரண்டு வினாடி சந்தோஷம்!

(இந்தப் பக்கத்தில் வேகத்தடையைக் கண்டு பயப்படாத வண்டி ஒன்று உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான அர்ஜுன் டாங்க். 1,400 குதிரைசக்தி. எடை 58 டன்னுக்கு மேல். ஆனால் அதைத் தனியாருக்கு விற்கமாட்டார்கள்.)

வேகமான காரை தினப்படி ரோட்டில் ஓட்டினால் சுகமா, அவஸ்தையா? உலகம் பூராவும் கார் பைத்தியங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி இது. மெட்ராஸ்காரர்கள் இந்தப் பரீட்சையை 1985லேயே எழுதிவிட்டார்கள். ஒரு தொழிற்சாலையே அதில் ஃபெயிலாகி மூடப்பட்டது. அந்தக் கதை தெரியுமா உங்களுக்கு?

1948ல் ஆரம்பம். மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கைகோத்தன. 'ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' பிறந்தது. தாம்பரத்தைத் தாண்டி, பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. முதலில் வேன்கார்டு என்ற கனமான கார். அப்புறம் 1961ல் வந்தது மெட்ராஸின் செல்லப்பிள்ளை, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

ஹெரால்டைப் பார்த்திருக்கிறீர்களா? இத்தாலிய டிசைனர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. 948 சி.சி. குட்டி இன்ஜின். வேகம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு வித்தை தெரியும். 25 அடி வட்டத்துக்குள் அப்படியே திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்குச் சமம். முட்டுச்சந்துக்குள் மாட்டிக்கொண்டால்கூட ரிவர்ஸ் போடாமல் வெளியே வந்துவிடலாம். இதே ஹெரால்டின் சட்டத்தின்மேல்தான் இங்கிலாந்தில் 1962ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டினார்கள். நம்ம ஆட்கள் அதைக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வைத்துக்கொண்டார்கள். எனக்குக் கேட்டால், நம் தெருக்களில் ஓட்டுவதற்கு நிஜமாகவே ஜாலியான கார் அதுதான்.

ஹெரால்டுக்குப் பிறகு 1972ல் கெஸல். எழுபதுகளின் இறுதியில் அதுவும் நின்றுபோனது. கம்பெனி வேன் தயாரித்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து இந்தியக் கார் சந்தையைப் புரட்டிப் போட்டது. குட்டி கார், குறைந்த விலை, நல்ல மைலேஜ். ஸ்டாண்டர்ட் கம்பெனி என்ன செய்திருக்கவேண்டும்? அதே ரூட்டில் போயிருக்கலாம். அவர்கள் நேர் எதிர் திசையில் போனார்கள். பெரிய கார், பணக்காரர்களுக்கான கார். இங்கிலாந்திலிருந்து ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பைக் கொண்டுவந்தார்கள்.

அது சாதாரண உடம்பு இல்லை. 1976ல் இங்கிலாந்தில் அறிமுகமானபோது அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். வரைந்தவர் டேவிட் பாச்சே. ஃபெராரி டேட்டோனாவின் மூக்கு, தோள், பக்கவாட்டு வளைவு எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டு ஐந்து பேர் உட்காருகிற குடும்பக் காரை வரைந்திருந்தார். உள்ளே மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜின். 155 குதிரைசக்தி. மணிக்கு 200 கிலோமீட்டர் போகும். 1977ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது. பிரிட்டிஷ் போலீஸ் ஆசை ஆசையாக வாங்கித் துரத்தல் வேலைக்கு வைத்துக்கொண்டது.

எவ்வளவு நல்ல துரத்தல் வண்டி என்பதற்கு ஒரு சம்பவம். 1987 மே 8. லண்டன் கிராம்வெல் மருத்துவமனையில் ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவைச்சிகிச்சை. கல்லீரல் விமானத்தில் ஸ்டான்ஸ்டெட் விமானநிலையம் வந்து இறங்குகிறது. அங்கிருந்து மருத்துவமனைக்கு 27 மைல், அதாவது 43 கிலோமீட்டர். நம்ம கணக்கில் சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி எல்லாம் தாண்டித் திருவள்ளூர் போகிற தூரம். லோக்கல் ரயிலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரண்டு ரோவர் எஸ்.டி.1 போலீஸ் கார்கள் கிளம்பின. வெள்ளிக்கிழமை, லண்டன் டிராஃபிக். சுமார் 30 நிமிடத்தில் பெட்டி ஆஸ்பத்திரி வாசலில்! சராசரி வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர் வருகிறது. காரிலிருந்து எடுத்த வீடியோ இன்றைக்கும் இன்டர்நெட்டில் இருக்கிறது. பாருங்கள், நகத்தைக் கடிப்பீர்கள்.

ஆனால் அந்த வீடியோவில் காரைப் பார்க்காதீர்கள். ரோட்டைப் பாருங்கள். சந்திப்புக்குச் சந்திப்பு போலீஸ்காரர்கள் நின்று மற்ற வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். லண்டனையே ஓரங்கட்டிவிட்டுத்தான் அந்த கார் தன் முழு வேகத்தையும் காட்ட முடிந்தது. ஒரு உயிருக்காக ஒரு ஊர் வழிவிட்டது. தினப்படி வழிவிடுமா?

லண்டனில் இது நடந்த அதே சமயம், அதே உடம்போடு பெருங்களத்தூரில் கார் தயாராகிக்கொண்டிருந்தது. பெயர் 'ஸ்டாண்டர்ட் 2000'. பானெட்டைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். எட்டு சிலிண்டர் இன்ஜின் எங்கே? காணோம். அந்தக் காலத்தில் வெளிநாட்டு இன்ஜினைக் கொண்டுவர வேண்டுமென்றால் லைசென்ஸ், அந்நியச் செலாவணி, சுங்கவரி என்று மூன்று மலை ஏறவேண்டும். கம்பெனி சுலபமான வழியைப் பார்த்தது. வேன்கார்டு காலத்திலிருந்து கையில் இருந்த பழைய நாலு சிலிண்டர் இன்ஜின், 1991 சி.சி., 83 குதிரைசக்தி. அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். நம்ம ரோட்டுக்காக வண்டியின் உயரத்தையும் கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள். ஃபெராரி சாயல் முகம், அதைப் பாதி பலத்தில் இழுக்கும் மாடு.

அந்த இன்ஜினின் பூர்வீகம் சுவாரசியமானது. 1947ல் இங்கிலாந்தில் வேன்கார்டு காருக்காகப் பிறந்த குடும்பம். ஃபெர்குஸன் டிராக்டரிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான் உழுதது. கேலி செய்யத் தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதீர்கள். டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1991 சி.சி.தான். 1953ல் பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில், விசேஷமாகத் தயார் செய்த டி.ஆர்.2 ஒன்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டுக் காட்டியது. போக்குவரத்தை நிறுத்தி மூடிய நெடுஞ்சாலையில், கவனியுங்கள்! டி.ஆர்.2 ஒரு டன்கூட எடை கிடையாது. ஸ்டாண்டர்ட் 2000 ஒன்றே கால் டன்னுக்கு மேல். முப்பது வயது கூடிய இன்ஜின்மேல் இன்னும் அதிக மூட்டை. பாவம், அது என்ன செய்யும்?

இந்த உடம்பு-இன்ஜின் கலப்புத் திருமணம் அப்போது இந்தியா முழுக்க நடந்தது. வாக்ஸ்ஹால் உடம்போடு 1984ல் வந்த கான்டெஸாவுக்குள் அம்பாஸடர் இன்ஜின். 1985ல் வந்த ப்ரீமியர் 118 என்.இ.யில் ஃபியட் உடம்பு, நிஸான் இன்ஜின். கான்டெஸா பிழைத்துக்கொண்டது. எண்பதுகளின் கடைசியில் 1.8 லிட்டர் இசுஸு இன்ஜினுக்கு மாறி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ஸ்டாண்டர்டுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. பெட்ரோலைக் குடித்தது. விலையோ எக்கச்சக்கம். வாங்கக்கூடிய பணக்காரர்கள் பின்சீட்டில் உட்காருகிறவர்கள். டிரைவர் ஓட்டுகிற காரில் ஃபெராரி மூக்கு யாருக்கு? 1988ல் உற்பத்தி நின்றது. அதோடு தொழிற்சாலையும் படுத்தது.

இன்ஜின் சின்னது, அதனால் தோற்றது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஒரு சந்தேகம். மூன்றரை லிட்டர் இன்ஜினையே கொண்டுவந்து வைத்திருந்தால் ஜெயித்திருக்குமா? 1985 மெட்ராஸில் அதை எங்கே ஓட்டுவது? பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் எதிரே பல்லவன் வரும், மாட்டுவண்டி வரும், இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் வரும். 200 கிலோமீட்டர் வேகத்தைக் கனவில்தான் ஓட்டவேண்டும். முதலீடு செய்கிற புத்தியோடு யோசித்தால், கம்பெனி மிச்சம் பிடித்தது, வாங்குகிறவன் எப்படியும் பயன்படுத்தப்போகாத சமாச்சாரத்தில்தான். தப்பு வேறு இடத்தில். பயன்படுத்த முடியாவிட்டாலும் 'உள்ளே இருக்கு' என்கிற நினைப்புக்குத்தான் பணக்காரன் காசு கொடுக்கிறான். அந்த நினைப்பை எடுத்துவிட்டு வெறும் மூக்கை மட்டும் விற்கப் பார்த்தார்கள்.

அப்படியென்றால் மெட்ராஸில் வேகமே கிடையாதா? இருந்தது. செங்குன்றத்துக்கு வடக்கே சோழவரத்தில். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் போட்ட விமான ஓடுதளம். யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் ஐம்பதுகளிலிருந்து அங்கே ரேஸ் நடத்தினார்கள். மெக்கானிக்குகள் தட்டிக்கொட்டித் தேற்றிய ஃபியட், ஹெரால்டு, புல்லட் என்று சகலமும் பறந்தன. விஜய் மல்லையா அங்கே ஓட்டியிருக்கிறார். திருவிழாக் கூட்டம். 1990 வாக்கில் ரேஸ் இடம் மாறியது. பூந்தமல்லியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருங்காட்டுக்கோட்டையில், கிளப்பே சொந்தமாக 3.7 கிலோமீட்டர் டிராக் போட்டது. 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும், 2010ல் அங்கே போன கருண் சந்தோக்கும் இந்த டிராக்கில் டயர் தேய்த்தவர்கள்தான். வேலிக்குள் எதிரே யாரும் வரமாட்டார்கள் என்கிற உத்தரவாதம் இருக்கிறது. வேகத்துக்கு அதுதான் முதல் தேவை. குதிரைசக்தி எல்லாம் அப்புறம்.

இப்போது ரோடும் வந்துவிட்டது. வண்டலூரில் ஆரம்பித்து, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நசரத்பேட்டை, ஆவடிக்கு அந்தப்பக்கம் நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. நெமிலிச்சேரி வரை 2014லும், மிச்சம் 2021லும் திறந்தார்கள். ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை இருந்த இடத்திலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டரிலேயே ஆரம்பிக்கிறது! கார் போய் 26 வருஷம் கழித்து ரோடு வந்திருக்கிறது. ஞாயிறு விடியற்காலையில் போனால் தரையோடு ஒட்டிய கார்கள் உறுமிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஓரத்தில் விளக்கே இல்லாமல் நிற்கிற டிரெய்லர் லாரியையும், தப்பு திசையில் சாவகாசமாக வருகிற டி.வி.எஸ். 50ஐயும் பார்க்கலாம். ரோடு அகலமாகிவிட்டால் மட்டும் அது ரேஸ் டிராக் ஆகிவிடாது. பைக் ரேஸ் விடுகிற பையன்கள் செத்த செய்தியும் அடிக்கடி வருகிறது. அதில் சிலர் எதிரே நியாயமாக வந்துகொண்டிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஆக, அம்பத்தூரில் அறுபதில் ஊர்ந்துகொண்டிருக்கிற உங்கள் 911க்கும், 83 குதிரைசக்தி ஸ்டாண்டர்ட் 2000க்கும் என்ன வித்தியாசம்? அறுபதில் போக 83 குதிரையே அதிகம். மிச்சம் முந்நூறு குதிரைக்கும் நீங்கள் கொள்ளு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். வாங்கினால் மாதம் ஒருநாளாவது அதை வேலிக்குள் அவிழ்த்துவிடுங்கள். பாவம், அதுவும் ஓடப் பிறந்ததுதானே.

பெருங்களத்தூர் தொழிற்சாலை பல வருஷம் பூட்டியே கிடந்தது. 2006ல் ஏலம். இப்போது அங்கே ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் வந்துவிட்டன. ஏலத்தின்போது, யாரும் பிரிக்காத ரோவர் எஸ்.டி.1 உதிரிபாகங்கள் குடோனில் அப்படியே இருந்தன. மொத்தத்தையும் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழைய கார் உதிரிபாகக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அங்கே எஸ்.டி.1ஐப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறவர்கள் நிறைய பேர். எட்டு சிலிண்டர் இன்ஜினோடு.