நாள் வாடகைப் புரொசெசர்: மாற்றுவதும் நிறுத்துவதும்

வளைகுடா நாடுகளில் கணக்குப் பகுதியில் வேலை செய்யும் எம்மவர் பலருக்குக் கணினிப் பகுதியின் பில்களும் மேசைக்கு வரும். அவற்றில் விளங்காமலே கையெழுத்தாகிப் போகும் ஒரு வரி ‘புரொசெசர் நாட்கள்’.

ஐபிஎம் பவர் வகைப் பெரிய சேர்வர்கள் பலவற்றில் மேலதிக புரொசெசர்கள் பூட்டிய நிலையில் உள்ளேயே இருக்கும். அவற்றைத் திறக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது நிரந்தரத் திறப்பு. குறியீட்டைப் பதிந்தபின் இரத்துச் செய்ய முடியாது; கணக்கில் அது மூலதனச் செலவு. இரண்டாவது 30 நாள் பரீட்சார்த்தத் திறப்பு. இடையில் நிறுத்தினால் மிகுதி நாட்கள் இல்லாமல் போகும். மூன்றாவது நாள் வாடகை. முன்பு ‘ஒன்-ஓஃப்’ என்றார்கள், பின்னர் ‘எலாஸ்டிக்’ என்றார்கள். இது அந்த மாதத்துச் செலவு.

அமீரகத்தில் 2009 இல் சம்பளப் பாதுகாப்பு முறை வந்தபின், தனியார் நிறுவனச் சம்பளங்கள் வங்கிகள், நாணயமாற்று நிலையங்கள் ஊடாகப் பதிவோடு போகின்றன. மாத முடிவில் சேர்வருக்குச் சுமை ஏறும்போது உதவுவது இந்த நாள் வாடகைதான்.

நான் டுபாயில் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் நடந்தது இது. அப்போது வார விடுமுறை வெள்ளியும் சனியும். செவ்வாய் காலை 10 மணிக்கு 4 புரொசெசர்களை 3 நாட்களுக்குத் திறந்தோம். 4 × 3 = 12 புரொசெசர் நாட்கள். வெள்ளி காலை 10 மணிக்குத் தவணை முடிந்தது, அலுவலகம் பூட்டு. ஞாயிறு காலை வந்து பார்த்தால் புரொசெசர்கள் இன்னும் வேலையில். தொடங்கிய ஒவ்வொரு 24 மணித்தியாலமும் முழு நாளாகும். மேலும் 2 நாட்கள், 8 புரொசெசர் நாட்கள். பில்லில் 20. அனுமதிப் படிவத்தில் இருந்தது என் கையெழுத்து.

தவணை முடிந்தால் சேர்வர் தானாகவே திருப்பிக் கொடுக்கும் என்று நினைத்ததுதான் எங்கள் பிழை. நிறுத்துவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில், அந்தப் புரொசெசர்களைப் பயன்படுத்தும் பிரிவுகளிலிருந்து அவற்றை விடுவிக்க வேண்டும். அதன் பிறகே எச்எம்சி எனப்படும் கட்டுப்பாட்டுத் திரையில் எண்ணிக்கையையும் நாட்களையும் பூச்சியமாக்க வேண்டும். விடுவிக்காதவை ‘திருப்பப்படாத நாட்கள்’ என்று கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

கூட்டவோ குறைக்கவோ விரும்பினால் நிறுத்தித் திரும்பத் தொடங்கத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கையிலேயே எண்ணிக்கையையும் நாட்களையும் மாற்றலாம். குறைப்பதானாலும் முதலில் விடுவிக்க வேண்டும். தொடங்கிவிட்ட நாளின் காசு மட்டும் திரும்பாது.

கணக்காளர் செய்யக்கூடியது சிறிய வேலைதான். அனுமதிப் படிவத்தில் தொடங்கும் நேரம், முடியும் நேரம், விடுவிப்பவரின் பெயர் மூன்றையும் எழுதுவியுங்கள். முடியும் நேரம் விடுமுறையில் விழுகிறதா என்று பாருங்கள். 2022 முதல் அமீரக அரச அலுவலகங்களின் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அயல் நாடுகள் பலவற்றில் இன்னும் வெள்ளி, சனிதான்.

வளைகுடாவில் வேலையோடுதான் விசா. அகதிகள் உடன்படிக்கையில் இந்த நாடுகள் ஒப்பமிடவில்லை. ஊருக்குத் திரும்ப முடியாத ஒருவருக்கு 8 புரொசெசர் நாட்கள் வெறும் பில் அல்ல.