கைத்தறியும் அரசாங்க உதவியும்



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து யாவரும் வெளிப்போந்த பொழுது, கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எம்மை அணுகி, “ஐயா, அரசாங்கம் நெசவாளர்க்கும் சிறுதொழிலாளர்க்கும் ஆண்டுதோறும் திட்டம் வகுக்கிறது என்கிறார்கள், ஆயினும் எங்கள் தெருவில் தறியோசை குறைந்துகொண்டே வருகிறது. குறை உதவியிலா, உதவி பெறுவோரிடத்திலா?” என்று வினவினார். அருகிருந்த பெரியவர் ஒருவர், “எல்லாம் தலையெழுத்து, தம்பி” என்று சொல்லிக் கடந்து போயினார். வினா நல்ல வினா; அதற்குரிய விடை தலையெழுத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கின்றது. அதனைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஓருண்மையை மனங்கொள்ளல் வேண்டும். அரசு தறிக்கு உதவுவது என்பது மிக அண்மைக் காலத்து வழக்கமாகும். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ‘தறியிறை’ என்னும் வரி காணப்படுகின்றது. பிற்காலத்தே மொதர்பா என்னும் தொழில்வரி தறிகளின்மேல் விதிக்கப்பட்டது. 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் சீமை கும்பினியார் கைக்கு வந்தபின், அவர்கள் சேலத்தில் வர்த்தக அதிகாரி ஒருவரை அமர்த்தி, நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கினர். முன்பணம் பெற்றவன் பிறர்க்கு நெய்தல் கூடாது. ஆகவே நூற்றாண்டுகளாக அரசு தறியினின்று எடுத்ததேயன்றித் தறிக்குக் கொடுத்தது அரிது. பின்னர் இங்கிலாந்தின் ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்திறங்கியது. உள்ளூர் நூல் வியாபாரியின் கடனில் நெசவாளன் மூழ்கினான். நூலும் அவரது, துணியும் அவரது, கூலி மாத்திரம் இவனது என்னும் நிலை உண்டாயிற்று.

அரசு கொடுக்க முன்வந்த முதல் முயற்சிகளுள் ஒன்று நம் சேலத்திலேயே நிகழ்ந்தது என்பதை நம்முள் பலர் அறியார். சென்னைப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆல்பிரடு சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், சிறுதொழில்களை அரசு முன்னின்று வளர்த்தல் வேண்டும் என்னும் கொள்கையுடையவர். அவர் சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலையும், குரோம் முறையில் தோல் பதனிடுதலையும் தொடங்கி வைத்தார். அவருடைய தூண்டுதலால் 1906-ஆம் ஆண்டளவில் சென்னை அரசாங்கம் சேலத்தில் கைநெசவுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. கையால் எறியும் நாடாவுக்குப் பதிலாகக் கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடாத் தறியைப் பரப்புவதும், நெசவாளரை ஒரு கூரையின்கீழ்க் கூட்டி ஒழுங்கான கூலிக்கு நெய்விப்பதும் அதன் நோக்கங்கள்.

நோக்கம் நன்றே. எனினும் நம் முன்னோர் அத்தொழிற்சாலைக்கு விருப்பத்தோடு சென்றிலர். இதனை அவர்தம் அறியாமை என்று அக்காலத்து அதிகாரிகள் சிலர் கருதினர். சற்றே ஆராய்ந்தால் காரணம் விளங்கும். தறி வீட்டில் இருக்குங்கால் மனைவி தார் சுற்றுவாள். முதியவர் இழை பிணைப்பார். சிறுவர் ஏவல் செய்வர். விடியற்காலத்தில் ஊரார் கூடிப் பாவடியில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பர். நெசவு என்பது ஒருவன் தொழிலன்று, ஒரு குடும்பத்தின் தொழில், ஒரு தெருவின் தொழில். தொழிற்சாலையோ அக்குடும்பத்தினின்று ஓர் ஆளை மாத்திரம் பெயர்த்தெடுத்து, மணியடித்தால் வா, மணியடித்தால் போ என்றது. தறி நெய்பவனுக்குக் குறைவாயிருந்தது கூரையன்று. கடனில்லா நூலும், காத்திருக்க வல்ல முதலும், நேர்மையான விலையுமே அவனுக்குக் குறைவாயிருந்தன. அவற்றைத் தொழிற்சாலை கொடுக்கவில்லை.

இதற்கிடையே, அரசே வாணிகத்தில் இறங்குவது தகாது என்று சென்னை ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டனர். 1910-ஆம் ஆண்டில் இந்திய மந்திரி மார்லி பிரபு, தொழிற்கல்வியும் செய்துகாட்டலும் அரசுக்கு உரியன, வாணிகம் உரியதன்று என்னும் கருத்துப்பட ஆணை விடுத்தார். சேலம் தொழிற்சாலையும் அத்துடன் முடிந்தது. ஆயினும் ஒன்று நிலைத்தது. தொழிற்சாலை போயினும் விசைநாடா போகவில்லை. அதன் பயனைக் கண்ட நெசவாளர் தத்தம் வீட்டுத் தறிகளிலேயே அதனைப் பூட்டிக்கொண்டனர். உதவியுள் எது அவர்தம் வாழ்க்கைக்கு இயைந்ததோ அது வேரூன்றியது, இயையாதது உலர்ந்தது. இதுவே நாம் கற்கவேண்டிய முதற்பாடம்.

நிற்க. இஃது ஒருபுறமாக, வேறோர் ஆறும் அக்காலத்தே பெருகத் தொடங்கியது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நகரில் 1844-ஆம் ஆண்டு 28 பேர், அவருட் பலர் நெசவாளர், ஆளுக்கொரு பவுன் வீதம் 28 பவுன் திரட்டி ஒரு சிறு கடை வைத்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் போன்றனவே அங்கிருந்த சரக்கு. கலப்பின்றி விற்றல், ஆளுக்கொரு வாக்கு, ஆதாயத்தை வாங்கியோர்க்கே பகிர்தல் என்பன அவர்தம் விதிகள். எந்த அரசும் அவர்க்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு அவர்களே வழிகாட்டிகள்.

சென்னை அரசாங்கத்தின் ஆணைப்படி பிரடரிக் நிக்கல்சன் என்பார் ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கைகள் அளித்தார். அதன் பயனாக 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி பதிவாயிற்று. கடனேயன்றி உற்பத்தி, விற்பனை முதலிய துறைகளுக்கும் சங்கம் அமைக்க 1912-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அதன்பின்னரே நெசவாளர் சங்கங்கள் பெருக வழி திறந்தது.

எனினும் ஊர்ச் சங்கம் தனித்து நின்று நூல் ஆலையோடும் நகர வாணிகரோடும் போட்டியிடல் அரிது. 1934-இல் இந்திய அரசு கைத்தறிக்கென மாகாணங்களுக்கு மானியம் அளிக்க இசைந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1935-இல், சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் வழங்குவது அதனையே. மொத்தமாக நூல் வாங்கி ஊர்ச் சங்கங்களுக்கு அளிப்பதும், அவை நெய்த துணியைத் தன் கடைகளில் விற்பதும் அதன் தொழில். ஊர்ச் சங்கமோ உறுப்பினர்க்குப் பாவும் ஊடையும் கொடுத்து, துணியை அளந்து வாங்கிக் கூலி கொடுக்கும். ஆதாயம் வந்தால் உறுப்பினர்க்குப் பங்கிடும். சாட்டர்டனின் தொழிற்சாலையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. இங்கே தறி வீட்டிலேயே இருக்கிறது, குடும்பம் சிதறவில்லை, அரசின் பணம் தறிக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட வழியைச் செப்பனிடுகிறது. ஆதலின் இது நிலைத்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நூல் தட்டுப்பாடு உண்டாகி, நூலும் துணியும் அரசின் கட்டுப்பாட்டிற்குள் வந்தன. சங்கங்களின் வழியே நூல் பங்கிடப்பட்டமையால் உறுப்பினர் தொகை விரைந்து ஏறியது. விடுதலைக்குப் பின், குடிசைத் தொழில்களைத் தனியார் முறையிலோ கூட்டுறவு முறையிலோ வளர்த்தல் அரசின் கடமை என்று 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு விதித்தது. அப்பொழுது கைத்தறித்துணி விலைபோகாது தேங்கி நெசவாளர் பட்டினியால் வாடினர். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியனவாதல் வேண்டும் என்று இராஜாஜி தில்லியை வற்புறுத்தினார். நெசவாளர் மரபில் வந்த அறிஞர் அண்ணா 1953-இல் கைத்தறித் துணியைச் சுமந்து தெருவில் விற்றார். கட்சியால் வேறுபட்ட இருவர் ஒரே தறிக்காகக் குரல் கொடுத்தது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. அவ்வாண்டே ஆலைத்துணியின்மேல் கசத்திற்கு 3 தம்பிடி வீதம் தீர்வை விதித்து, அந்நிதியைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடச் சட்டம் செய்யப்பட்டது. முன்னாளில் தறியின்மேல் வரி விதித்த அரசு, இப்பொழுது ஆலையின்மேல் வரி விதித்துத் தறியைக் காக்கலாயிற்று. 1985-இல் துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கச் சட்டம் இயற்றப்பட்டு, அதன்படி 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 1993-இல் அதனை உறுதி செய்தது. பின்னர் அவ்வகைகள் 11 ஆகக் குறைந்தன.

இத்துணை உதவியிருந்தும் தறியோசை குறைந்தது ஏன்? விசைத்தறியின் போட்டி ஒரு காரணம். அதனை மறுப்பார் இலர். ஒதுக்கப்பட்ட துணிகளையே விசைத்தறியில் நெய்து கைத்தறியென விற்போரும் உளர். ஆயினும் நம்மவரின் குற்றமும் உண்டு. 1974-இல் சிவராமன் குழு, கைத்தறிகளில் நூற்றுக்கு 60-ஐக் கூட்டுறவுக்குள் கொண்டுவரல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எண்ணிக்கையே குறியாகியவிடத்துத் தறியில்லாதவரும் உறுப்பினராயினர். நூல் முதலாளி ஒருவரே தம் கூலியாட்களின் பெயரால் சங்கம் நடத்தியதும் உண்டு. தள்ளுபடிக் காலத்தில் மட்டும் விற்று, ஏனைய திங்களில் துணியை அடுக்கி வைக்கும் பழக்கம் ஏற்பட்டது. தேர்தலின்றித் தனி அலுவலரே பல்லாண்டுகள் சங்கங்களை ஆண்டபொழுது, சங்கம் தம்முடையது என்னும் எண்ணமே உறுப்பினரிடம் தேய்ந்தது.

எம் சொந்த அனுபவத்தை ஈண்டுக் கூறுதல் தகும். எம் தந்தையார் ஒரு நெசவாளர் சங்கத்தில் உறுப்பினராயிருந்தார். தீபாவளிக்கு முன் மிகையூதியம் வாங்க அவர் தவறாது செல்வார். பொதுக்குழுக் கூட்டத்திற்கு ஒருநாளும் சென்றிலர். அறிவிப்புக் கடிதம் வரும். அதன் பின்புறத்தில் யாம் கணக்குப் போட்டுப் பழகுவோம். பின்னொரு காலத்தில் அச்சங்கம் கலைக்கப்பட்டபொழுது, தம் பங்குத்தொகை எவ்வளவு, சங்கத்தின் கடன் எவ்வளவு என்று கேட்டு எழுத அவர்க்குத் தெரியவில்லை. எம்மிடம் கொடுத்து எழுதச் சொன்னார். பள்ளியிறுதி வகுப்பு மாணவனாகிய எமக்கும் தெரியவில்லை. அச்சங்கத்தைக் கெடுத்தவர் யார் என்று யாம் பல்லாண்டுகள் பிறரையே நொந்தோம். இப்பொழுது எண்ணுங்கால், கணக்கெழுதிய அக்கடிதங்களே கண்முன் நிற்கின்றன.

2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. நம் ஊரில் அதனைப் பற்றி ஒருவரும் பேசக் கேட்டிலேம். நமக்கென அமைந்ததொன்று நீங்கியதும் நாம் அறியாதிருந்தால், அஃது இருந்தபொழுதும் நம்முடையதாய் இல்லை என்பதன்றோ பொருள்?

இனி ஆட்டையாம்பட்டிக்கு வருவோம். தறியேயன்றி நம் ஊர்க்குப் பெயர் தருவது முறுக்கு. அரிசிமாவைக் கையால் திரித்துச் சுற்றும் அத்தொழில் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்மக்களின் கைத்திறன். சேலத்தார் யாவரும் அறிந்த அம்முறுக்கினைச் சுற்றுவோருட் பலர் இன்றும் நாட்கூலிக்கே சுற்றுகின்றனர். ஊரின் பெயர் முறுக்குக்கு ஆதாயம் தருகிறது. சுற்றிய கைக்கு அவ்வாதாயம் வருவதில்லை. அன்று நெசவாளன் நூல் வியாபாரியிடம் நின்ற அதே நிலையன்றோ இது?

இதற்கு வழி உண்டு. பம்பாயில் 1959-ஆம் ஆண்டு ஏழு பெண்டிர் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். ஆதாயமும் இழப்பும் எல்லார்க்கும் ஒப்ப உரியன என்பது அவர்தம் விதி. ஏழாண்டுகள் தம் காலில் நின்ற பின்னரே, 1966-இல், கதர் கிராமத் தொழில் ஆணையம் அவர்களை ஏற்று 8 இலட்ச ரூபாய் நடைமுதல் அளித்தது. லிஜ்ஜத் அப்பளத்தை அறியாதார் இன்று யார்? அரசின் உதவி அங்கே விதையாக இல்லை. முளைத்த பயிர்க்கு வார்த்த நீராக இருந்தது. 2020-இல் இந்திய அரசு குறு உணவுத் தொழில்களுக்கெனத் தொடங்கிய திட்டமும், மூலதனத்தில் நூற்றுக்கு 35 வரை மானியம் தந்தது. குழுவாகச் சேர்ந்தோர்க்குத் தொடக்க முதலும் வகுத்தது. அத்தகைய திட்டங்கள் வரும், போகும். வருங்கால் கைநீட்டி வாங்க ஒரு சங்கம் முன்னரே நின்றிருத்தல் வேண்டும்.

ஆகவே அவ்விளைஞர்க்கு எம் விடை இது: உதவியும் குறைவே, பெறுவோரிடத்தும் குறையுண்டு, முன்னதை மாற்ற மனுக் கொடுக்கலாம், பின்னதை மாற்ற நாமே எழுதல் வேண்டும். நம் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள்கள். கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராயிருப்போர் அடுத்த பொதுக்குழுவிற்குத் தவறாது சென்று வரவுசெலவை வாய்விட்டுப் படிக்கச் செய்க. முறுக்குச் சுற்றும் தாய்மார் ஒரு பதின்மரேனும் கூடித் தமக்கென ஒரு குழு அமைப்பாராயின், கணக்கெழுதவும் விண்ணப்பம் வரையவும் யாமும் எம் மாணாக்கர் சிலரும் ஞாயிறுதோறும் சங்கக் கட்டிடத்தில் காத்திருப்போம். கூலி வேண்டா, எம் தந்தையார்க்கு எழுதித் தர இயலாது போன கடிதத்தை, இன்னொருவர்க்கேனும் எழுதித் தருவது எமக்குப் போதும்.

ஊர் கூடி இழுத்தாலன்றித் தேர் நகராது. அரசு வடத்தை வாங்கித் தரலாம்; இழுக்க வேண்டியவர் நாமே.